முதல் பக்கம் மட்டும் போதும்

திருப்பூர் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. ஒரு பக்கம் பனியன் கம்பெனியின் நீண்ட மதில். எதிரே டீக்கடை, சலூன், அதற்கடுத்து ஒரு ஜெராக்ஸ் கடை. வாசல் பலகையில் இடமே மிச்சமில்லை. பான் கார்டு, பட்டா சிட்டா, வில்லங்கச் சான்று, கரண்ட் பில், பி.எஃப். கிளெய்ம், ரயில் டிக்கெட் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி வரியை மட்டும் பிற்பாடு வேறு பெயிண்டில் சேர்த்திருந்தார்கள்: சிபில் ரிப்போர்ட் எடுத்துத் தரப்படும்.

பலகையில் கடைசியாக வந்த அந்த வரிக்குத்தான் இப்போது கூட்டம். வில்லங்கச் சான்று கேட்டு வந்த என்னைப் பதிவுத்துறை சர்வர் மூலையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அவளை அழைக்க ஆளாளுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வயதானவர்கள் 'அம்மிணி' என்றார்கள், பெண்கள் 'கண்ணு' என்றார்கள், ஏஜென்ட்டுகள் மட்டும் 'மேடம்' என்றார்கள்.

அந்த மேடம் என்ற குரலோடுதான் அவர்கள் இருவரும் நுழைந்தார்கள். முன்னால் வந்தவர் அயர்ன் மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல் ஃபைல். பின்னால் வந்த பையன் பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்திருப்பான் போலும். முழங்கைவரை பஞ்சு ஒட்டியிருந்தது. பேச்சில் மதுரைப் பக்கத்து இழுவை. அவன் பேசியதே குறைவு. அவனுடைய பான் நம்பரையும் பிறந்த தேதியையும் கூட ஏஜென்ட்தான் ஃபைலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடிபி வந்தபோது மட்டும் பையனின் போன் தேவைப்பட்டது.

திரையில் ரிப்போர்ட் விரிந்தது. அரைவட்டம் ஒன்றில் முள் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. 548.

"மொத்தம் 14 பக்கமுங்ணா. எல்லாம் போட்டுரட்டுங்களா?" என்றாள் அவள்.

"வேண்டாம் மேடம். முதல் பக்கம் மட்டும் போதும். தம்பிக்கு நம்பர் தெரிஞ்சாப் போதும்."

ஒரு தாள் வெளியே வந்தது. பையன் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தேறாத மார்க் ஷீட்டைப் பார்க்கிறவனின் முகம். 300-க்கும் 900-க்கும் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிட்டது. அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பது மிச்சப் பதின்மூன்று பக்கத்தில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பதுபோல மனிதர்களுக்கும் வில்லங்கம் பார்க்கிற காலம் வந்து வெகுநாளாகிவிட்டது. கடன் தகவல் நிறுவனமான சிபில் தொடங்கியது 2000-ல். கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் 2005-ல் வந்தது. இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள் இருக்கின்றன. ஆனாலும் திருப்பூரில் நான்குக்கும் சேர்த்துப் பெயர் 'சிபில்'தான். சிபில் அடிவாங்கிருச்சு, சிபில்ல தூக்கிட்டான், சிபில் பாக்காத பைனான்ஸ் எதாச்சும் இருக்குதுங்களா என்று டீக்கடை வரைக்கும் அந்தச் சொல் நடமாடுகிறது.

ஏஜென்ட் ஃபைலிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து மேஜையில் வைத்தார். தெருமுனை மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் அதே நோட்டீஸ். 45 நாளில் சிபில் கிளியர், ரைட் ஆஃப், செட்டில்மென்ட் எதுவானாலும் நீக்கித் தரப்படும் என்றது அது.

"பாருங்க தம்பி, பழசை எல்லாம் தூக்கிட்டா நீங்க புது ஆளு. வண்டி லோன், வீட்டு லோன் எது வேணா போட்டுக்கலாம். ஆறாயிரம் அட்வான்ஸ், வேலை முடிஞ்சதும் ஆறாயிரம்." பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "மேடம், தம்பிக்குப் புதுசா ஒரு பான் அப்ளை பண்ணணும். ஊர் அட்ரஸ் போட்டுக்கலாம்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "இருக்கிற பானைத் தொலைச்சிட்டாருங்களா?"

"இல்லைங்க மேடம். இது வேற, புதுசு."

"ஒருத்தருக்கு ஒரு பான்தாங்ணா. ஆதாரோட ஏற்கனவே ஒன்னு சேந்திருக்குது. இன்னொன்னு வச்சிருந்தா பத்தாயிரம் ஃபைனுங்க. நாங்க அது பண்றதில்லைங்ணா."

ஏஜென்ட் சிரித்தார். அடுத்த தெருவில் செய்து தருவார்கள் என்று பொருள் வரும் சிரிப்பு. அப்படியே எங்காவது வாங்கினாலும் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரும் போன் நம்பரும் முகவரியும் ஒன்றோடொன்று பொருந்திப் பழைய கணக்கைப் புது எண்ணோடு ஒட்டவைத்துவிடும். நீக்கித் தருகிறேன் என்கிற வேலையும் பெரிதாக ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டில் இருக்கிற எல்லா வரியும் தப்பு என்று சிபில் கம்பெனியின் தளத்தில் ஒரு புகார் போடுவார்கள். அந்தப் புகாருக்குக் கட்டணமே கிடையாது, யார் வேண்டுமானாலும் போடலாம். புகார் கடன் கொடுத்தவனிடம் போகும். சரியாகத்தான் இருக்கிறது என்று அவன் சொல்லிவிட்டால் வரி அப்படியே நிற்கும். கடன் கொடுத்தவன் சம்மதிக்காமல் சிபிலால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆறாயிரம் மட்டும் போய்விடும்.

பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவன் மடியில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அணைத்து வைத்தது. அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்தானே தவிர, உயிர்கொடுக்கவில்லை. வசூல்காரர்கள் கூப்பிடுகிற நம்பராக இருக்கவேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு அம்மா வந்தார். செக்கிங் வேலைக்குப் போகிறவர் என்பது இடுப்பில் தொங்கிய சின்னக் கத்திரியில் தெரிந்தது. நகைக்கடை பர்ஸ் ஒன்றிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்துப் பிரித்தார்.

"கண்ணு, குழுக்கடன் குடுக்க மாட்டேங்கறாங்க. வண்டி டியூ பாக்கி இருக்குதாமா. நான் கடைசி டியூ வரைக்கும் கட்டிப்போட்டு, ஆர்.சி. புக்குல பைனான்ஸ்காரன் பேரு போட்ட எச்.பி. கூட கேன்சல் பண்ணிட்டனே!"

பெண் அவருடைய ரிப்போர்ட்டைத் திரையில் கொண்டுவந்தாள். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நெருக்கமாக உட்கார்ந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்றார். ஆனால் எண்கள் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். டிவி வாங்கியது, அது முடிந்தது. குழுக்கடன், அது முடிந்தது. மூன்றாவது வரியில் விரல் நின்றது. ஸ்கூட்டி கடன். நிலை: நடப்பில். பாக்கி: 1,180 ரூபாய்.

"ஆயிரத்து நூத்தி எம்பதா? இது எங்கிருந்து வந்துச்சு கண்ணு?"

"ரெண்டு தடவை டியூ பவுன்ஸ் ஆயிருக்குமுங்க்கா. ஒன்னுக்கு 500, அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 590 ஆச்சுங்களா? ரெண்டுக்கு 1,180."

"அதையும் வாங்கிட்டுத்தான என்.ஓ.சி. குடுத்தான்! அது இல்லாம ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எச்.பி. எடுப்பாங்களா?" என்.ஓ.சி.யின் ஜெராக்ஸ், பணம் கட்டின ரசீது, ஆர்.சி. மூன்றும் வரிசையாக மேஜையில் விழுந்தன.

இது ஓடி ஒளிகிற புகார் அல்ல. கணக்கு கேட்கிற புகார். பெண் மூன்றையும் ஸ்கேன் செய்தாள். அந்த ஒரு வரியை மட்டும் குறிப்பிட்டுப் புகாரை ஏற்றினாள். புகார் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அதன் கீழே தேதியையும் எழுதினாள்.

"30 நாளுங்க்கா. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளைக்கும் உங்களுக்கு நூறு ரூபா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் ரூலு. 2024 ஏப்ரல்ல இருந்து இருக்குது. அப்பவும் நடக்கலைன்னா ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம்."

"நூறு ரூபா நெசமாலுமே வருமா?"

"30 நாள் தாண்டட்டும், கேட்டுப்புடலாமுங்க்கா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே துண்டுத்தாளைப் பர்ஸின் உள்ளறையில் வைத்து ஜிப் போட்டார். பையன் அந்த ஜிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏஜென்ட்டுக்கு ஒரு போன் வந்தது. ஃபைலைப் பையனிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் வேப்பமர நிழலில் நின்று பேசத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வந்து நின்றது. இரண்டு பக்கமும் தைத்து முடித்த பனியன் மூட்டைகள். இறங்கியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வேட்டியில் நூல் துணுக்குகள். பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர் என்று சொல்லாமலே தெரிந்தது.

"அம்மிணி, இந்தத் தடவை க்ரிஃப் ஹைமார்க் பாக்கோணுமல்லோ?"

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. நான்கு கம்பெனியும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது 2017 முதல் நடைமுறை. இவர் நான்கையும் ஒரே நாளில் எடுக்கமாட்டார். ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசில்லாமல் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார். தன் ரிப்போர்ட்டைத் தான் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எல்லாப் பக்கமும் போடு அம்மிணி."

பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தபோது பையன் கையிலிருந்த ஒற்றைத் தாளை அவர் பார்த்துவிட்டார். 548. அவர் முகம் மாறவில்லை.

"மூணு வருசத்துக்கு முன்னால நான் இதுக்கும் கீழதான் கண்ணு இருந்தேன்" என்றார்.

பையன் நிமிர்ந்தான். அவர் தன் கதையை மிஷின் ஓட்டுகிறவரின் வேகத்தில் சொன்னார். 2019-ல் மூன்று ஓவர்லாக் மிஷின் வாங்க பர்சனல் லோன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஆகஸ்ட் கடைசிவரை டியூவைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. செப்டம்பரில் டியூ வந்தது, ஆர்டர் வரவில்லை. மூன்று டியூ நின்றதும் வாராக்கடன். வீட்டு வாசலில் வசூல்காரர்கள். 2022-ல் ஒருநாள் ஒருவர் வந்து, பாக்கி 1,40,000-த்தில் 85,000 கட்டுங்கள், முடித்துக்கொள்ளலாம் என்றார். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினார். செட்டில்மென்ட் லெட்டர் கையில் வந்தது.

"முடிஞ்சதுன்னு நெனச்சுப்போட்டு நிம்மதியாத் தூங்குனேன். ஒரு வருசம் கழிச்சு மிஷினுக்கு லோன் கேட்டுப் போனா, பேங்க்காரரு ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டறாரு. செட்டில்டுன்னு போட்டிருக்குது. குளோஸ்டு இல்ல. பாதி குடுத்து மீதிக்குக் கையெடுத்துக் கும்புட்டவன்னு அர்த்தமாமா."

"அப்பறம் என்னண்ணே பண்ணீங்க?"

"திரும்பக் கடன் குடுத்த அந்தக் கம்பெனிக்கே போனேன். தள்ளுபடி பண்ணுன 55,000-த்தையும் கட்டறேன், பேரை மாத்திக் குடுங்கன்னேன். மொதல்ல அந்த ஆபீசருக்கே புரியல. தள்ளுனதைத் திரும்பக் கட்டறேன்னு எவன் வருவான்? நாலு தடவையாப் பிரிச்சுக் கட்டி, என்.ஓ.சி. வாங்கி, ரிப்போர்ட்டுல குளோஸ்டுன்னு வர்ற வரைக்கும் விடல."

பேசிக்கொண்டே பிரின்டரிலிருந்து வந்த தாள்களை வரிசைப்படுத்தினார். ஒரு பக்கத்தைப் பையன் பார்க்கும்படி வைத்தார். கட்டம் கட்டமாக இருந்தது. மாதத்துக்கு ஒரு கட்டம், 36 மாதம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் மூன்று சைபர். ஒரு மாதம் தாமதமானால் 030. அந்தப் பக்கத்தில் மேல் வரிசைகள் முழுக்கச் சைபர்கள்.

"இது பேங்க்ல இருபதாயிரம் டெபாசிட் போட்டு அதும்பேர்ல வாங்குன கார்டு. பதினாறாயிரம் லிமிட்டு. நான் மாசம் நாலாயிரத்தைத் தாண்ட மாட்டேன். வண்டிக்கு பெட்ரோலு, மிஷினுக்கு நூலு, அவ்வளவுதான். பில்லு வந்தா முழுசாக் கட்டிருவேன். மினிமம் டியூ கட்டற சோலியே இல்ல."

"இப்ப எவ்வளவுண்ணே?"

"714. பேங்க்காரரு 750 வரட்டும்கறாரு. வரும்."

அவர் அந்த 'வரும்' என்பதைச் சொன்ன விதத்தில் ஆசையும் இல்லை, அவசரமும் இல்லை. விதைத்தவன் சொல்வதுபோல் இருந்தது என்று எழுதினால் அது என் அலங்காரம். மூட்டை இத்தனை உருப்படி என்று எண்ணிச் சொல்கிறவரின் குரல்தான் அது.

"அவரு 45 நாள்ல 750 ஆக்கித் தர்றேங்கிறாருண்ணே" என்று பையன் வேப்பமரத்தைக் காட்டினான்.

"உன்ற ரிப்போர்ட்டு மிச்சம் எங்க?"

"முதல் பக்கம் போதும்னாரு."

அவர் பெண்ணைப் பார்த்தார். அவள் பையனைப் பார்த்தாள். அவன் தலையசைத்ததும் பிரின்டர் மறுபடி ஓடியது. பதின்மூன்று தாள்கள்.

பயந்த அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி ஒன்று, அது பெரிசு. ஆப்பில் வாங்கிய கடன் ஒன்று. தவணையில் வாங்கிய செல்போனுக்குக் கடைசி இரண்டு டியூ நின்றதில் 4,130 ரூபாய். சம்பளம் பிந்திய இரண்டு மாதத்தில் தொடங்கிய தடுமாற்றம் என்பது கட்டங்களைப் பார்த்தாலே தெரிந்தது. அதுவரை சைபர்கள், அதற்குப் பிறகு 030, 060, 090 என்று படியேறிப் போயிருந்தது. அந்தச் சைபர்களைப் பெரியவர் விரலால் தட்டிக் காட்டினார். "ஒன்றரை வருசம் ஒழுங்காக் கட்டியிருக்கறயே கண்ணு." பையனுக்கு அது செய்தியாக இருந்தது. தன் ரிப்போர்ட்டில் நல்லதும் எழுதியிருக்கும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

கடைசிப் பக்கம் வந்தது. கடன் விண்ணப்பத்துக்காக யார் யார் அவன் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள் என்கிற பட்டியல். பெரியவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"ஏங்கண்ணு, போன வாரம் நாலு எடத்துல லோன் கேட்டிருக்கறயா? மூணு ஒரே தேதியில இருக்குது."

"நான் எங்கயும் கேட்கலையேண்ணே." கொஞ்சம் யோசித்தான். "அவருதான் எந்த பைனான்ஸ்ல கிடைக்கும்னு போட்டுப் பார்ப்போம்னு ஓடிபி கேட்டாரு. நாலஞ்சு தடவை சொன்னேன்."

யாரும் பேசவில்லை. கடன் கொடுக்கலாமா என்று ஒவ்வொருவரும் எட்டிப் பார்க்கும்போது ஸ்கோர் கொஞ்சம் இறங்கும். ஒரே வாரத்தில் நாலு பேர் என்றால் ஆள் எல்லா வாசலையும் தட்டுகிறான் என்று கணக்கு போய்விடும். முதல் பக்கம் மட்டும் போதும் என்றதற்குக் காரணம் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"அந்த அணைச்சு வச்ச போன் எந்த நம்பரு?" என்றார் பெரியவர்.

"பழைய நம்பருண்ணே. கால் மேல கால் வருதுன்னு..."

"பாக்கி எவ்வளவுன்னு கம்பெனி ஆப்புல பாக்கறதுக்கு ஓடிபி அதுக்குத்தான வரும்? அதைப் போட்டு வை. கூப்புட்டா எடு. இந்த மாசம் இவ்வளவுதான் முடியும்னு சொல்லு. கத்துவானுங்க, கத்தட்டும். ஆனா கையில காசு குடுக்காத, கம்பெனி அக்கவுண்டுக்கே போடு. மொதல்ல இந்த நாலாயிரத்து நூத்தி முப்பதை முடி. என்.ஓ.சி. வாங்காம விடாத."

"அப்பறம்?"

"அப்பறம் ஆப் கடன். கார்டுக்கு அவனுங்ககிட்டயே தவணை கேளு. செட்டில்மென்ட்டுன்னு வந்தா என்ற கதைய நெனச்சுக்கோ. வேற வழியே இல்லைன்னா பண்ணு, தப்பில்ல. ஆனா அது முடிஞ்சதுன்னு நெனச்சுக்காத."

2025 ஜனவரி முதல் கடன் விவரங்களைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்பவேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. தவறினது சீக்கிரம் ஏறுகிற மாதிரியே, கட்டினதும் சீக்கிரம் ஏறும். பழைய 090-ஐ யாராலும் அழிக்க முடியாது. அதற்கு மேல் புதுச் சைபர்கள் வந்து உட்கார உட்கார, 36 கட்டத்தில் அது கீழே தள்ளிக்கொண்டே போகும். இந்த ஊரில் அதற்குப் பொறுமையில்லாதவர்கள் போய்ச் சேருகிற இடமும் எனக்குத் தெரியும். மீட்டர் வட்டிக்காரன் சிபில் பார்ப்பதில்லை. 2003-ல் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டமே வந்தாலும், பேங்க் கதவு சாத்தின வீட்டுக்கு அவனுடைய பைக் சத்தம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

பெரியவர் தாள்களை வேட்டி மடிப்பில் செருகி, எக்ஸ்எல்லைக் கிளப்பிப் போனார். உபதேசம் செய்துவிட்டுப் போகிறவரின் நிதானம் அவரிடம் இல்லை. மூட்டை கம்பெனிக்குப் போய்ச் சேரவேண்டிய அவசரம்தான் இருந்தது.

ஏஜென்ட் உள்ளே வந்தார். பையன் கையில் தாள்கட்டு இருப்பதைப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு தம்பி? வீண் செலவு. சரி, அட்வான்ஸை ஜி-பே பண்ணிருங்க, இன்னைக்கே வேலையை ஆரம்பிச்சிரலாம்."

பையன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாள்களை மேஜையில் தட்டிச் சமமாக்கி இரண்டாக மடித்தான். பிரின்டுக்கான காசைத் தானே எடுத்துக் கொடுத்தான்.

"சனிக்கிழமை சம்பளம் வரட்டும்ணே."

"அப்ப சனிக்கிழமை சாயங்காலம் நான் கம்பெனி வாசலுக்கே வந்துர்றேன்."

"சரிண்ணே" என்றான். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவனுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஏஜென்ட்டின் பைக்கிலேயே பின்னால் ஏறிப் போனான். வாரச் சம்பளம் ஒன்றுதான். கேட்டு நிற்பவர்கள் இரண்டு பேர்: கம்பெனி வாசலில் காத்திருக்கப்போகிற ஏஜென்ட் ஒருவர், 4,130 ரூபாய்க்குக் காத்திருக்கும் செல்போன் கடன் இன்னொன்று.